டி-ஷர்ட்டு வேணாம், டெஸ்ட் ட்யூப் குடுங்க!

பெரிய கம்பெனிகள் 3 வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகத்துக்குச் செலவழிக்கணும்னு 2014 ஏப்ரல்ல இருந்து சட்டம். கல்வியும் அந்தப் பட்டியல்ல உண்டு. நல்ல விஷயந்தான். ஆனா ஒருநாள் அறிவியல் கண்காட்சி, பேனர், டி-ஷர்ட்டு, போட்டோன்னு முடிச்சுட்டா பசங்களுக்கு என்ன மிஞ்சும்?

சட்டமெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, 1957ல், மில் முதலாளி கருமுத்து தியாகராசர் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி ஆரம்பிச்சார். எங்க ஆரப்பாளையத்துப் பசங்க டவுன் பஸ்ல போய்ப் படிக்கிற தூரம். இன்னிக்கும் நடக்குது.

எல்லாரும் காலேஜ் கட்ட வேணாம் சாமி! ஒரு மாநகராட்சிப் பள்ளியை அஞ்சு வருஷத்துக்கு எடுத்துக்கோங்க. உடையுற டெஸ்ட் ட்யூபுக்கும், தீர்ந்துபோற ஆசிட்டுக்கும், லேப் உதவியாளர் சம்பளத்துக்கும் காசு குடுங்க. கையால செஞ்சு பாத்தாத்தான் அறிவியல் ஒட்டும். என்ன சொல்றீங்க மக்களே?