முற்றத்தில் ஏன் அணில்?



தமிழ்ப் பரீட்சை நெருங்கிவிட்டால் பல வீடுகளில் இந்தக் குரல் கேட்கும்: 'மலர்முகம் உவமைத்தொகை, முகமலர் உருவகம்.' பிள்ளை ஒப்பிக்க, அம்மா கைடைப் பார்த்துச் சரி சொல்ல, மதிப்பெண் உறுதி. ஆனால், முகத்துக்கு எதற்காக மலர் என்று யாராவது கேட்கிறோமா? நிறத்துக்காகவா? மென்மைக்காகவா? மலர்வதற்காகவா?

தொல்காப்பியர் உவமவியலை ஆரம்பிப்பதே இங்கேதான். செயல், பயன், வடிவம், நிறம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றால்தான் ஒரு பொருள் இன்னொன்றுக்கு உவமையாகும் என்கிறார். இந்த நான்கையும் கேள்விகளாகப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவனே யோசிக்க வேண்டியிருக்கும்.

ஓர் உவமையை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையின் 41-ஆம் பாடலை எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கையாண்ட உவமையே பெயராக நிலைத்து, அணிலாடு முன்றிலார் என்கிறோம். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் எல்லாம் இப்படிப் பெயர் பெற்றவர்கள்தான். ஒரு நல்ல உவமைக்கு அவ்வளவு ஆயுள்!

பாட்டில் பேசுகிறவள் தலைவி. கேட்கிறவள் தோழி. காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊரைப்போல மகிழ்ந்திருப்பேன். அவன் பிரிந்தால், ஆட்கள் விட்டுப்போன சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தோடு கிடக்கும் தனி வீட்டைப்போல ஆகிவிடுவேன் என்கிறாள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். முற்றத்தில் ஏன் அணில்? மனிதர்கள் வாழ்கிற வீட்டில் முற்றம் சும்மா இருக்காது. தானியம் காயும், குழந்தைகள் ஓடும், யாராவது விரட்டிக்கொண்டே இருப்பார்கள். அணில் வரும், பயந்து ஓடிவிடும். அது நிம்மதியாக விளையாடுகிறது என்றால் விரட்ட ஒரு கைகூட அங்கே இல்லை. துள்ளி விளையாடும் ஓர் உயிரை வைத்தே வெறுமையைச் சொல்லிவிட்டார். 'சோகமாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்குமா?

அந்த வீடு இருப்பது பாலை வழியை ஒட்டிய ஊரில். காதலன் பிரிந்து போவதும் அப்படிப்பட்ட வழியில்தானே? நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழும் உயிர்கள் முதலானவை கருப்பொருள், மனத்தின் உணர்வு உரிப்பொருள் என்று நம்மவர்கள் வகுத்தார்களே, அந்த மூன்றும் இந்தச் சின்னப் பாட்டுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. யார், யாரிடம், எங்கே, எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்று கேட்டால் போதும், பிள்ளைக்கு இது பிடிபட்டுவிடும். சிறுகதைக்கும் இதே கேள்விகள்தான்.

இதற்குத் தனியாக ட்யூஷன் எதற்கு? லீவு முடிந்து பேரப்பிள்ளைகள் கிளம்பியதும், 'வீடு கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாதிரி இருக்கு' என்று பாட்டி போனில் சொல்கிறார். அணிலாடு முன்றிலார் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். அந்த நிமிடமே பிள்ளையிடம் கேளுங்கள்: பாட்டி ஏன் மண்டபம் என்கிறார்? நேற்று அந்த வீட்டில் என்ன இருந்தது, இன்று என்ன இல்லை?

மதிப்பெண் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். புரிந்து படித்த பிள்ளைக்கு இலக்கணக் குறிப்பு எழுதுவது சுலபம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன உவமை ஒன்றை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். யார், யாரிடம், எப்போது சொன்னார்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்