துப்பாக்கிக்குக் கணக்கு உண்டு, லத்திக்கு?

சரஸ்வதி பூஜை அன்றைக்கு மதுரையில் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனால் பொரி-கடலை நிச்சயம். ஜீப்புக்கு மாலை போட்டிருப்பார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். ஆயுத அறையில் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து சூடம் காட்டுவார்கள்.

உயிரை வாங்கும் ஆயுதத்துக்குக் குங்குமப் பொட்டா? சாமி பக்தியும் துப்பாக்கியும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும்? வெளியூர்க்காரர்கள் இப்படிக் கேட்பது உண்டு.

நம்ம ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நம்ம சாமிகளே ஆயுதத்தோடு நிற்பவர்கள்தான்!

சித்திரைத் திருவிழாவில் அன்னை மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் ஆன மறுநாள் திக்கு விஜயம். எட்டுத் திக்கையும் போரிட்டு ஜெயித்த மகராசி, சிவனைக் கண்டதும் போரை நிறுத்துகிறாள். அதற்குப் பிறகுதான் கல்யாணம். அந்தத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பாருங்கள். அத்தனை கூட்டத்தையும் கட்டுப்படுத்திக்கொண்டு நிற்கிற போலீஸ்காரர், ஒரு நொடி லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுவார். அதில் பொய் இல்லை.

அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்பன் கதை இன்னும் விசேஷம். நேர்த்திக்கடன் என்று ஆள் உயர அரிவாள்களைக் கொண்டுவந்து சாத்துகிற சந்நிதி அது. ஆனால் கருப்பன் அங்கே செய்கிற வேலை என்ன? அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவருடைய நகைக் கணக்கைக் கருப்பன் முன்னால் வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் அதே கணக்கைச் சரிபார்ப்பார்கள். இது காலங்காலமாகச் சொல்லப்படும் வழக்கம். ஊரில் தகராறு என்றாலும் அந்தப் படியில் வந்து சத்தியம் செய்வார்கள். கையில் அரிவாள் இருந்தும், காவல்தெய்வம் கணக்குக் கேட்டுத்தான் காவல் காக்கிறது.

போலீஸ் துப்பாக்கியும் அப்படித்தான். எந்தத் தோட்டா யாரிடம் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று ரிஜிஸ்தரில் ஏறும். ஒரு தடவை சுட்டுவிட்டால் ஆர்.டி.ஓ. விசாரணை, மேலதிகாரி விசாரணை, பத்திரிகைக்காரர்கள் கேள்வி. அதனால்தான் பக்தியுள்ள போலீஸ்காரருக்கும் துப்பாக்கியைத் தொட மனசு கூசுவதில்லை.

இப்போது லத்திக்கு வருவோம். அதன் ஒவ்வொரு அடிக்கும் எந்த ரிஜிஸ்தர் இருக்கிறது?

மடப்புரத்தில் நடந்தது

ராமநாதபுரம் ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்புவனம். அங்கிருந்து மடப்புரம் கூப்பிடு தூரம். மடப்புரம் பத்ரகாளி யாருக்கும் பயப்படாதவள். வட்டிக்காரன் ஏமாற்றினாலும், பங்காளி நிலத்தை அமுக்கினாலும், ‘நீ கேளு ஆத்தா’ என்று சன்னிதியில் காசு வெட்டிப் போடுவார்கள். கோர்ட்டில் கிடைக்காத நியாயம் அங்கே கிடைக்கும் என்று நம்புகிற ஜனம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

அந்தக் கோயிலில் காவலாளியாக இருந்தவர் அஜித்குமார் என்ற இளைஞர். 2025 ஜூன் 27-ந் தேதி காரில் வந்த பெண் பக்தர் ஒருவர் தன் நகையைக் காணோம் என்று புகார் செய்தார். சாதாரண உடையில் வந்த ஸ்பெஷல் டீம் போலீசார் அஜித்குமாரை விசாரிக்க ஆரம்பித்தார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக்கொட்டகையில் அவரை அடிக்கும் வீடியோ வெளிவந்து நாடே பார்த்தது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள்!

எந்த இடத்தில் என்று யோசித்துப் பாருங்கள். காளியின் முதுகுக்குப் பின்னால்! அடித்தவர்கள் நாத்திகர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பந்தோபஸ்துக்குப் போகிற போலீஸ்காரர்களில் எத்தனை பேர் அந்த அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டிருப்பார்கள்!

வழக்கே பதிவு செய்யாமல் ஸ்பெஷல் டீம் எப்படி விசாரித்தது என்று மதுரை ஐகோர்ட்டில் கேள்வி எழுந்தது. 5 போலீசார் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அதிகாரபூர்வம் இல்லாத ஸ்பெஷல் டீம்களைக் கலைக்கும்படி மேலிடத்து உத்தரவும் வந்தது. எல்லாம் உயிர் போன பிறகு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர் போன ஊர். 2021-ல் ரவுடி வேட்டை நடந்தபோது, அரிவாள் செய்யும் பட்டறைக்காரர்கள் வாங்குபவரின் பெயர், விலாசத்தைக் குறித்து வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்று போலீஸ் சொன்னது. நல்ல காரியம்தான். பட்டறைக்காரர் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுத வேண்டும், கொட்டகையில் பைப்பை எடுத்தவர் எழுத வேண்டாமா?

“ரெண்டு தட்டுத் தட்டினால்தான் சார் உண்மை வரும்” என்பது ஸ்டேஷன்களில் காலங்காலமாக ஓடுகிற பேச்சு. போலீஸ் செய்தி சேகரிக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். ஆனால் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே அப்படித்தான், இன்றைய புதுச் சட்டத்திலும் அப்படித்தான். வாக்குமூலம் வாங்க ஒருவரைக் காயப்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா 120-வது பிரிவில் 7 ஆண்டு வரை ஜெயில். அப்படியானால் அந்த ‘ரெண்டு தட்டு’ யாருக்காக? கேஸ் சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவசரப்படும் அதிகாரிக்காக.

தாடிக்குத் தண்டனை

டிபார்ட்மெண்ட் பக்தியைக் கண்டுகொள்வதே இல்லை என்று சொல்ல முடியாது. மதுரையிலேயே ஒரு முஸ்லிம் போலீஸ்காரர் 2018-ல் மெக்கா போய்விட்டு தாடியோடு வந்தார். விளக்கம் கேட்டார்கள், சம்பள உயர்வை நிறுத்தினார்கள். முஸ்லிம் போலீசார் தாடி வைக்க 1957 மெட்ராஸ் போலீஸ் கெஜட்டிலேயே அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்காட்டி, 2024 ஜூலையில் மதுரை ஐகோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒரு தாடியை அளந்து பார்க்க இத்தனை அதிகாரிகளுக்கு நேரம் இருந்திருக்கிறது. லத்தி எங்கே போகிறது, யார் முதுகில் விழுகிறது என்று பார்க்க அதில் பாதி நேரம் ஒதுக்கினால் போதும்.

அதற்காகக் காக்கிச்சட்டை போட்டவர்கள் எல்லாம் மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூனில் செல்போன் கடைக்காரர் பென்னிக்சும் அவருடைய தந்தை ஜெயராஜும் இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம், இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் டேபிளிலும் ரத்தக் கறை இருக்கிறது என்று சொன்னவர் அதே ஸ்டேஷன் ஏட்டு ரேவதி. சக போலீசார் அதே வளாகத்தில் நிற்கும்போது சொன்னார்! மதுரைக்கு மாற்றப்பட்டு இங்கே விசாரிக்கப்பட்ட அந்த வழக்கில் அவர் சாட்சி முக்கியமானது. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. கருப்பன் படியில் நின்று சத்தியம் செய்கிறவன் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினார்.

அந்த மாதிரி ஒருத்தர் ஸ்டேஷனுக்கு ஒருவர் கிடைக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. விசாரணைக்கு அழைத்துப் போகிறவர் யூனிபாரத்தில் வரட்டும், மார்பில் பெயர்ப் பட்டை இருக்கட்டும். ஸ்டேஷன் தவிர வேறு இடத்தில், கொட்டகையில், லாட்ஜில், தோப்பில் விசாரணை கூடாது. கூட்டிப் போன நேரம், விட்ட நேரம், உடம்பின் நிலை எல்லாம் டைரியில் ஏறட்டும். லத்தியால் அடித்தால், தோட்டாவுக்கு எழுதுவதுபோல அதையும் அன்றைக்கே எழுதி, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடட்டும். கேமராவில் பதிவாகவில்லை என்றால் ஏன் பதிவாகவில்லை என்றும் அவரே எழுதட்டும்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கும்போது, லத்தியையும் அந்த ரிஜிஸ்தரையும் எடுத்து பக்கத்தில் வைக்கச் சொல்லி மதுரை கமிஷனரும் சிவகங்கை எஸ்.பி.யும் ஒரு சுற்றறிக்கை விட்டால் என்ன?