டைல்ஸ் பளபளக்குது, சரி... வேலை பாஸா? உங்கள் வீட்டு மராமத்தை நீங்களே சோதிப்பது எப்படி?

மராமத்து வேலை முடிந்த அன்று எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். நடுக்கூடத்தில் நின்று ஒரு சுற்று பார்ப்போம். "சூப்பரா வந்திருக்குல்ல?" என்போம். போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுவோம். மேஸ்திரிக்குப் பாக்கிப் பணம் போய்விடும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவின் பி.எஃப். பணத்தில் பாத்ரூமை இடித்துப் புதுசாக்கினோம். டைல்ஸ் நிறத்துக்காக மூன்று நாள் சண்டை. ஆனால், தரைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் பூசிய அன்று பக்கத்தில் நின்று பார்க்க யாருமே இல்லை. நான்காவது மாதம் அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்தது. ஓதம்! சண்டை போட்டு வாங்கிய டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதனால் சொல்கிறேன்: சொந்த வீட்டு வேலைக்கு மார்க் போடும்போது நம் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. காசு செலவழித்த மனசு 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லத் துடிக்கும். இன்னும் சிலருக்கு நேர் எதிர். பிரஷ் தடம் ஒன்று தெரிந்தால்கூடத் தூக்கம் வராது. இரண்டுமே சரியான அளவுகோல் இல்லை.

மூடுவதற்கு முன்பே பாருங்கள்

பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன்பு, வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு காய்ந்ததும், வடிகால் வாயை அடைத்துத் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கினாலோ, கீழ்த்தளக் கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிந்தாலோ, வேலை ஃபெயில். அந்த நிலையில் சரிசெய்வது சுலபம், செலவும் குறைவு. பைப், வயர் லைன் எதையும் பூசி மூடும் முன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் காப்பாற்றும்.

முடிந்த பிறகு நான்கு சோதனை

ஒன்று, தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மூலையில் தேங்காமல் வடிகாலுக்கு ஓட வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருந்தால்தான் அது நடக்கும்.

இரண்டு, ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டுங்கள். 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை முழுசாகப் பரவவில்லை. கனமான பொருள் விழுந்தால் முதலில் உடைவது அதுதான்.

மூன்று, சுவரில் ரசமட்டம், தூக்குக்குண்டு வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கொத்தனார் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான்கு, ஹீட்டர் இருக்கும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று கரன்ட் நிற்க வேண்டும். ஆனால் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது. அதை எலக்ட்ரீஷியனிடம் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். இது உயிர் விஷயம்.

எதை விட்டுவிடலாம்?

பூச்சில் முடி போன்ற மெல்லிய கோடு, வெட்டிய டைல்ஸ் ஓரத்தில் லேசான பிசிறு, கதவுக்குப் பின்னால் பெயின்ட் தடம்... இதெல்லாம் கைவேலையின் அடையாளம். விடுங்க பாஸ்! ஆனால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் நாளுக்கு நாள் அகலமானால் விடாதீர்கள். பட்டி பார்த்து மறைக்காமல், இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.

அவசரம் யாருடையது?

தரம் குறைந்தால் பழி மேஸ்திரி மேல்தான் விழுகிறது. "பொங்கலுக்கு சொந்தக்காரங்க வர்றாங்க, முடிச்சுக் கொடுங்க" என்று நெருக்கியது யார்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456, சாதாரண ஓபிசி சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி போன்ற கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது. நல்ல வெயிலும் வறட்சியும் இருந்தால் 10, 14 நாள். பூச்சு வேலைக்கும் தண்ணீர் விட்டு ஆற்றும் நாட்கள் தேவை. அந்த நாட்களைத் தின்பது பெரும்பாலும் நம் அவசரம்தான்.

எனவே, வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்: "கடைசித் தவணை, இந்தச் சோதனையெல்லாம் முடிஞ்சதும் அன்னைக்கே தர்றேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்யுங்கள். வேலை தேறிய பிறகும் பணத்தை இழுத்தடிப்பது நியாயமில்லை.

டைல்ஸ் நிறத்துக்கு மூன்று நாள் ஒதுக்குகிறோம். தண்ணீர் நிறுத்திப் பார்க்க ஒரே ஒரு நாள் ஒதுக்க முடியாதா?