மேசையில் நமக்கு ஆளில்லை

இணைய ஆளுகை ஆலோசகர் என்பதும் ஒரு தொழில்தான் என்று கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ சொல்லிப் பாருங்கள். அரசாங்க உத்தியோகமா, பென்சன் உண்டா என்ற கேள்விதான் முதலில் வரும். டொக்டர், எஞ்சினியர், ஆசிரியர், மௌலவி ஆகிய நான்கு பதவிகளுக்கு வெளியே நம்மவர்களின் கற்பனை இன்னும் நகரவில்லை. இந்த அசட்டையினால் நாம் இழந்து கொண்டிருப்பது கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஆலோசகர் செய்வதுதான் என்ன? ஒரு நாட்டின் களப்பெயரை யார் நிர்வகிப்பது, எந்த எழுத்துக்களை அதில் அனுமதிப்பது, கடலடிக் கேபிள் எங்கே கரையேறுவது, எந்த அதிகாரத்தின் கீழ் ஒரு தளத்தை முடக்கலாம் என்பன போன்ற விடயங்களில் அரசுகளுக்கும் கம்பனிகளுக்கும் சர்வதேச அமைப்புகளுக்கும் அறிவுரை கூறுகிறார். கலிபோர்னியாவிலுள்ள ஐகான் நிறுவனத்தின் கூட்டங்களிலும், 2006இல் ஏதென்ஸில் தொடங்கிய ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றத்திலும் இப்படிப்பட்டவர்களே பேசுகிறார்கள்.

இலங்கையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ், பல்கலைக்கழகங்களை இணைத்த ஆரம்ப வலையமைப்பிலிருந்து டொட் எல்கே பதிவகம் வரை ஒரு வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவர். 2010இல் சிங்களக் களப்பெயரோடு '.இலங்கை' என்ற தமிழ்க் களப்பெயரும் நமக்குக் கிடைத்தது. சிங்களவர் ஒருவரின் தலைமையிலான பதிவகம் அதைப் பெற்றுத் தந்தது என்பதை நன்றியுடன் பதிகிறேன். ஆனால் நம்முடைய எழுத்தை இன்னொருவர்தான் எப்போதும் கேட்டு வாங்கித் தர வேண்டுமா? இணையத்தின் வேர்மட்டத்தில் தமிழ் எழுத்துக்கான விதிகளை வகுத்தது, இந்தியாவின் ஒன்பது எழுத்துமுறைகளுக்கும் சேர்த்து அமைந்த நியோ பிராமி குழு. சிங்களத்துக்குக் கொழும்பிலேயே தனிக்குழு இருந்தது. இலங்கைத் தமிழுக்கென்று அப்படியொரு குழு இருக்கவில்லை.

இது ஏதோ எழுத்துச் சண்டை, வயிற்றுப் பாட்டுக்கு உதவாது என்று நினைப்பவர்கள் 2018ஐ நினைவுபடுத்திக் கொள்ளட்டும். அவ்வாண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, நமது கரையோரத்துக்கு மேற்கேயுள்ள அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் மாக்கட்டி ஒன்று கிடந்தது. அதை மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத தமிழ் பேசும் மனிதர், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் கேள்வி விளங்காமல் தலையசைத்தார். அந்தக் காட்சி முகநூலில் ஏறியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாதான் என்று அரச பகுப்பாய்வாளர் கூறியபோது திகணையும் எரிந்து முடிந்திருந்தது. அப்படியொரு மாத்திரையே உலகில் கிடையாது என்பது வேறு கதை.

முகநூலில் சிங்களத்தில் பெருகும் வெறுப்புப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தது. ஆனால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் அந்தக் கம்பனியில் போதுமான அளவில் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில்தான் அது மன்னிப்புக் கோரியது. உடைந்த பள்ளிவாசலின் ஜமாஅத்தாரிடம் யாராவது நேரில் வந்து கேட்டார்களா?

அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பூட்டுப் போடுவது. 2018 மார்ச்சில் ஒரு வாரத்துக்கு மேல் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும் முடக்கினார்கள். அந்நாட்களில்தான் சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. தம் உறவினருக்கு என்ன ஆயிற்று என்று அறிய வளைகுடாவிலிருந்து எத்தனை பேர் தவித்திருப்பார்கள்! 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் மீண்டும் முடக்கினார்கள். அது ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு ஆதரவாக 108 கைகள் உயர்ந்தன. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு எது பொய் என்று தீர்மானிக்குமாம். தமிழில் எழுதப்பட்ட ஒரு வரியின் தொனியை அந்த ஐவருக்கு யார் எடுத்துச் சொல்வார்கள் என்பதை அன்று வாக்களித்த நம்மவர்கள் கேட்டார்களா?

உட்கட்டமைப்பின் கதையும் இதுதான். கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று சர்வதேசக் கேபிள்கள் மேற்கிலும் தெற்கிலுமே கரையேறின. வாசலில் கடலை வைத்துக்கொண்டு, தேசத்தின் மறுகரை வழியாகத்தான் உலகத்தோடு பேசுகிறோம். கிழக்கில் கரையேற்றுவது இலாபமா நட்டமா என்பது வாதத்துக்குரியது, ஒப்புக்கொள்கிறேன். கணக்கை மேசையில் வைத்து வாதாட நம்மிடம் ஆள் வேண்டாமா என்பதே என் கேள்வி.

கல்முனைப் பிரதேச செயலகத்தின் எல்லையை வைத்து அரசியல் செய்யத் தெரிந்த நம் தலைவர்களுக்கு, இந்த எல்லைகள் கண்ணில் படுவதில்லை. அமைச்சுப் பதவிக்காகக் கொழும்புக்குப் போகிறவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பக்கம் தலைவைத்துப் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

புதிதாக இத்துறைக்கு வருவோருக்கு ஐகான் புலமைப்பரிசில் தருகிறது. தெரிவானால் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் அதுவே ஏற்கும்; விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம். ஒலுவிலில், நம் கண்ணெதிரே, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோம்?