நோய்க்குறியியல் பயிற்சியும் தாலுக்கா மருத்துவமனையும்



ஆனேக்கல் தாலுக்காவின் பொம்மசந்திராவில் உள்ள பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோய் அறுவைகள் வழக்கமாக நடந்துவந்தாலும், அகற்றிய திசுவை ஆராய்ந்து நோயை உறுதிசெய்யும் நோய்க்குறியியல் மருத்துவர் எவ்வாறு உருவாகிறார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. எம்.பி.பி.எஸ். முடித்தவர் எம்.டி. அல்லது டி.என்.பி. படிப்பில் 3 ஆண்டுகள் முதுநிலைப் பயிற்சி மருத்துவராக இருக்கும்போது, ஃபார்மலினில் பதப்படுத்திய உறுப்பின் எப்பகுதியை வெட்டியெடுப்பது என்பதை முதலில் கற்கிறார். கட்டியின் விளிம்பை அங்கே தவறவிட்டால், பிறகு எந்த நுண்ணோக்கியும் கைகொடுக்காது. அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவி, ஏறத்தாழ 20 நிமிடங்களில் முடிவு சொல்லும் உறைதிசு ஆய்வுக்குரிய துணிவோ, மூத்தவரும் மாணவரும் ஒரே கண்ணாடித் தகட்டை ஒருசேரப் பார்க்கும் பலமுனை நுண்ணோக்கியின் முன் நாள்தோறும் அமர்வதால்தான் வருகிறது (எழுத்துத் தேர்வு அதை அளக்குமா என்பது ஐயமே).

முதுநிலை மாணவர்கள் 3 மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்று மருத்துவக் கல்வி விதிகள் கூறுகின்றன. அக்காலத்தின் ஒரு பகுதியையேனும் ஆனேக்கல் போன்ற தாலுக்கா மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் கழிக்க வழிசெய்தால், மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து உயிரணுக்களை உறிஞ்சி ஆராயும் எளிய சோதனைக்காக நோயாளிகள் பெங்களூரு நகருக்கு அலைவது குறையும். வசதி குறைந்த ஆய்வகத்தில் முடிவெடுக்க மாணவரும் பழகுவார். இதைக் கர்நாடக மருத்துவக் கல்வித் துறை பரிசீலிக்க வேண்டும்.

— ஒரு வாசகர், ஆனேக்கல்