காணியற்றவனுக்கே பஞ்சம்

பொருளாதார மந்தம் எல்லோரையும் தாக்குகின்றது. ஆனால், எல்லோரையும் ஒன்றுபோல் வீழ்த்துவதில்லை. நெல்லுக்கு விலையில்லையெனில் உழவன் கடனாளியாகின்றான். எனினும், விற்க முடியாத நெல்லை அவன் வீட்டு அடுப்பேனும் ஏற்றுக்கொள்ளும். விற்க முடியாத தேயிலையை உண்டு உயிர் வாழ்ந்தவர் எவரேனும் உண்டா? நுவரெலியா, அட்டன், தலவாக்கலை மலைச்சரிவுகளில் இலங்கையின் செல்வத்தைக் கிள்ளிக் கூடையில் நிரப்பும் மக்களின் துயர வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கின்றது என்பது நமது துணிபு.

1929ஆம் ஆண்டு தொடங்கிய உலக மந்தத்தை முதலில் நோக்குவோம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்கூலி வரையறுக்கப்பட்டிருந்தது. தேயிலை விலை சரிந்ததும் அந்தச் சொற்பக் கூலியும் அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டது. குறைந்த கூலிக்கு இசையாதோர் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1933இல் இலங்கை, இந்தியா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய நாடுகளின் உற்பத்தியாளர் ஏற்றுமதியை மட்டுப்படுத்தி உடன்படிக்கை செய்துகொண்டனர். விலை காப்பாற்றப்பட்டது, முதலாளியின் முதல் காப்பாற்றப்பட்டது. கொழுந்து பறிப்பவளின் அரிசிப் பானையைக் காப்பாற்ற எந்த உடன்படிக்கை எழுந்தது? அந்த இருண்ட நாட்களில்தான், 1931இல், கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார் என்பதை நன்றியுடன் நினைவுகூருகின்றோம்.

அதே காலத்தில் கடல் கடந்த கனடாவிலும் வறுமை கோரத் தாண்டவம் ஆடியது. 1929இல் புசல் ஒன்று ஒரு டொலருக்கு மேல் விற்ற கோதுமை, 1932இல் 40 சதத்துக்கும் கீழே வீழ்ந்தது. வறட்சியும் புழுதிப் புயலும் சமவெளி விளைநிலங்களைப் பாழாக்கின. பெற்றோல் வாங்க வகையற்ற உழவர் தம் மோட்டார் வண்டிகளின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினர். பிரதமரின் பெயரால் அதனைப் ‘பென்னட் வண்டி’ என எள்ளி நகைத்தனர். நகைத்ததோடு நின்றனரா? இல்லை. 1935ஆம் ஆண்டு ஒக்டோபரில் வாக்குச்சீட்டினால் பென்னட்டின் ஆட்சியை இறக்கினர். பசித்தவன் கையில் வாக்கு இருந்தால் ஆட்சியாளர் அவன் பசியைக் கேட்டாக வேண்டும் என்பதற்கு இது சான்று.

மலைநாட்டு மக்களின் கையிலும் ஒரு காலத்தில் அந்த வாக்கு இருந்தது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் எழுவரை அவர்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என மனிதரை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிப் பிரித்தது.

இதன் விளைவு என்ன? 1973இல் உலகில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறியபோது அது வெட்டவெளிச்சமாயிற்று. பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. மரவள்ளியும் வற்றாளையும் நட்டுப் பிழையுங்கள் என்று அரசாங்கம் அறிவுரை கூறியது. கிராமத்தவன் நட்டான். லயத்தவன் எங்கே நடுவான்? வாசற்படிக்கு அப்பால் உள்ள மண் அவனுடையதன்றே! 1974இல் தோட்டப்புற இறப்பு விகிதம் நாட்டின் பொது விகிதத்தை வெகுவாகக் கடந்து சென்றது. மலைநகரங்களின் தெருக்களில் தோட்டக் குடும்பங்கள் கையேந்தி அலைந்தன. வாக்கும் இல்லை, காணியும் இல்லை. ஆகவே சோறும் இல்லை.

எஞ்சிய மண்ணும் கைநழுவிப் போகவிருந்த வேளையில் அம்மக்கள் எழுந்து நின்றனர். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து, 1977ஆம் ஆண்டு மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். மண்ணின் பொருளை அந்தத் தொழிலாளி அறிந்திருந்தார்.

பின்னர் வாக்குரிமை மீண்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் என்ற இழிநிலையும் நீங்கியது. ஆயினும் காணி வரவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது, கொழுந்து குன்றியது. நிறைக்கணக்குக் குறைந்தால் கூலியும் குறையும் என்பது தோட்டத்து நியதி. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது எனக் கைவிரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. ரொட்டியே ஆதாரமான லயங்களில் கோதுமை மாவும் எட்டாப் பொருளாயிற்று. தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசி அனுப்ப முன்வந்தது. அந்த அன்பைப் போற்றுகின்றோம். ஆனால், 200 ஆண்டுகளாக ஒரு நாட்டை வாழவைத்த மக்கள் ஒவ்வொரு இடரிலும் கப்பலை எதிர்பார்த்து நிற்பது முறையா?

கூலி உயர்வை வேண்டாமென்று நாம் கூறவில்லை. கூலி உயரும், விலைவாசி அதனை விழுங்கும். மண்ணை விலைவாசி விழுங்குவதில்லை. காணி கொடுத்தால் தொழிலாளி மலையில் வேலைக்கு வரமாட்டான் என்று அஞ்சுவோர் உளர். இன்று இந்நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதியை விளைவிப்போர் சிறு தோட்ட உடைமையாளர் என்பதை அவர்கள் மறந்தனரோ? காலியிலும் மாத்தறையிலும் சிறு துண்டு நிலத்தில் தழைக்கும் தேயிலை, தலவாக்கலையில் தொழிலாளியின் துண்டில் மட்டும் பட்டுவிடுமா?

நிலம் இல்லையென்ற சாட்டும் செல்லாது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பெனிகள் செய்வது நிர்வாகமே. தரிசாகக் கிடக்கும் மலைகள் கண்முன் இருக்கின்றன. வீடமைப்புத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் ஒதுக்கினார்கள். யாழ்ப்பாணத்து உழவன் கணக்கில் அது முக்காற் பரப்புக்கும் குறைவு. அதில் வீடு நிற்கும், விளைச்சல் நிற்குமா?

ஆகவே நாம் கோருவது இதுதான்: ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் வீட்டோடு பயிர்செய்யப் போதிய நிலம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி, தரிசு மலைகளில் தொழிலாளருக்கு முதலுரிமை. சட்டத்தரணிகளே, நில அளவையாளர்களே, விவசாயப் போதனாசிரியர்களே! உறுதி எழுதவும், எல்லை அளக்கவும், நாற்றுக் காட்டவும் கற்ற உங்கள் கல்வி இம்மக்களுக்குப் பயன்படட்டும். உழவர் பெருமக்களே! மண்ணின் அருமையை உங்களினும் நன்கறிந்தார் யார்? இக்கோரிக்கையை உங்கள் கோரிக்கையாக்குங்கள். அடுத்த மந்தம் என்றேனும் வரும். அது வரும்போது லயத்தின் பின்புறத்தில் ஒரு பாத்தி உருளைக்கிழங்கேனும் தொழிலாளியின் சொந்த மண்ணில் விளைந்து நிற்க வேண்டும்.