ஆலைச் சிப்பந்திகளின் வைத்தியக் காப்பு

திருப்பத்தூர் ஜில்லாவில், ஜவ்வாது மலைமீது, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று பஞ்சாயத்துக்கள் உள்ளன. மலையில் விளையும் சாமை வருஷம் முழுவதும் குடும்பத்தைத் தாங்காது. ஆகவே வாலிபர் பலர் சமவெளிக்கு இறங்கி வேலை தேடுகின்றனர். மகன் கீழே, பெற்றோர் மேலே. சிப்பந்திகளுக்குக் கூட்டு வைத்திய இன்ஷியூரன்ஸ் வாங்கும் கம்பெனி நிர்வாகிகள் இந்நிலையை யோசிக்கிறார்களா என்பதே நம் கேள்வி.

சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948இல், தொழிலாளர் அரசு இன்ஷியூரன்ஸ் சட்டம் பிறந்தது. அந்த ஏற்பாடு இப்போது, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடங்கிவிட்டது. 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவிகிதமும் தொழிலாளி 0.75 சதவிகிதமும் செலுத்தும் இத்திட்டத்தில், சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பில்லை. தொழிலாளியைச் சார்ந்த பெற்றோருக்கும் இடமுண்டு. ஆஸ்பத்திரிகளைப் பற்றிய குறைகள் பல இருப்பினும், ஏழைக்கு இதைவிட விரிவான காப்பு வேறில்லை.

சங்கடம் சம்பளம் உயரும்போது வருகிறது. 2017இல் விதித்த ரூ. 21,000 என்ற மாத வரம்பைத் தாண்டியவன் இத்திட்டத்தினின்று விலக நேர்கிறது. ராஜ்ய சர்க்காரின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ, 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, ரூ. 1,20,000 வருஷ வருமானத்தையே எல்லையாகக் கொண்டது. இரண்டுக்கும் வெளியே நிற்பவனுக்குக் கம்பெனி வாங்கும் பாலிஸியே கதி.

அந்தப் பாலிஸியில் தொகையின் பெருமை மட்டும் பேசப்படுகிறது. பெற்றோரைச் சேர்க்கத் தனிப் பிரீமியம் கேட்பார்கள். நிர்வாகம் அதை நீக்கிவிடும். அறை வாடகைக்கு ரூ. 3,000 வரம்பிருக்க, ரூ. 6,000 அறையில் தங்கினால், வைத்தியர் கட்டணம் முதலியவற்றிலும் பாதி வெட்டப்படக்கூடும். இந்த ஷரத்தைத் தொழிலாளி அறிவது பெரும்பாலும் பில் வந்த பின்னரே! பெற்றோரில்லாத ஐந்து லட்சத்தினும், பெற்றோரும் பழைய நோய்களும் முதல் நாளிலிருந்தே அடங்கும் மூன்று லட்சம் மேலானதென்பது நம் அபிப்பிராயம்.

முன்பணமின்றிச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளின் ஜாபிதாவையும் பார்க்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் நூறு பெயர்கள் இருந்து, திருப்பத்தூரில் ஒன்றுமில்லையெனில் நெல்லிவாசல்நாட்டுத் தாய்க்கு என்ன பயன்? 2023 மே மாதம், வேலூர் ஜில்லா அல்லேரி மலையில் பாம்பு கடித்த பெண்குழந்தை, சரியான பாதையில்லாமல் ஆஸ்பத்திரி சேருமுன் இறந்தது. சாலை போடுவது கம்பெனியின் வேலையன்று. அதற்குச் சர்க்காரே பொறுப்பு. ஆனால் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியை ஜாபிதாவில் சேர்க்குமாறு இன்ஷியூரன்ஸ் கம்பெனியை வற்புறுத்த முதலாளியால் முடியும்.

மத்திய சர்க்கார் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் வைத்தியப் பாலிஸிகளுக்கு வரியை நீக்கியபோது, கூட்டுப் பாலிஸிகளின் 18 சதவிகித வரியை அப்படியே வைத்தது. பெற்றோரைச் சேர்க்கத் தயங்கும் முதலாளிக்கு இது ஒரு சாக்கு. அந்த வரியையும் ரத்து செய்து, ரூ. 21,000 வரம்பையும் உயர்த்துமாறு கோருகிறோம்.